ஏழு பேராய்ப் பட்டணம் போன ரேணுகா கங்காணி

சேரங்கோட்டுத் தேயிலைத் தோட்டத்தில் ரேணுகா என்று கூப்பிட்டால் மூன்று லயத்து வரிசை வீடுகளிலிருந்து மூன்று பேர் எட்டிப் பார்ப்பார்கள். ரேணுகா கங்காணி என்றால் ஒருத்திதான். மூக்கனின் கடைசி மகள். மூக்கனும் அய்யாவுவும் இலங்கையின் கண்டிச் சீமையில் ஒரே லயத்தில், அடுத்தடுத்த காம்பிரா அறைகளில் பிறந்தவர்கள். மூக்கனின் பெரியம்மா மகள் பொன்னாயியைத்தான் அய்யாவு கட்டினார். அந்தப் பொன்னாயி வயிற்றில் பிறந்த மூத்த மகன் ரவிக்குமார் ரேணுகாவுக்கு முறைப்பையன். அதனால் அவள் மருமகளாக வந்தபோது புதிதாக ஒருவரையும் மாமா என்று கூப்பிடப் பழக வேண்டியிருக்கவில்லை. பிறந்ததிலிருந்தே அய்யாவு அவளுக்கு மாமாதான்.

பதினாறு வருஷம் கூடை கட்டிக் கொழுந்து எடுத்தாள். பிறகு கங்காணி ஆனாள். முப்பத்திரண்டு பெண்கள் அவள் கீழே. காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணி, ஒருவர் பின் ஒருவராக மலைக்குக் கூட்டிப் போவாள். ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பாள். சாயந்திரம் எண்ணிக் கூட்டி வருவாள். போகும்போதும் வரும்போதும் அவள் கடைசி ஆள். முன்னால் போகிறவள் கங்காணி இல்லை, வழி காட்டுகிறவள். கடைசியில் வருகிறவள்தான் கங்காணி.

ஆடி மாத மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. கீழே சதுப்பில் நிற்பது யானையா பாறையா என்று சொல்ல முடியாது. நிரையை விட்டுத் தப்பினவள் ஆளைத் தேடி நடந்தால், தேடுகிறவள் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் காடெல்லாம் அலைய வேண்டியதுதான். அதனால் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. எழுதி ஒட்டின சட்டம் இல்லை. தப்பினவர் நடக்கக் கூடாது. கடைசியாக ஆட்களோடு எங்கே இருந்தாரோ அங்கேயே நிற்க வேண்டும். கத்தக் கூடாது, யானை இருக்கும். கையில் இருக்கிற துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க வேண்டும். தேடி வருவது கங்காணி பாடு.

ஒரு தடவை பேச்சி அப்படித் தப்பிப்போய், சில்வர் ஓக் மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு இரண்டே கால் மணி நேரம் நின்றாள். ரேணுகா போய்ச் சேர்ந்ததும் பேச்சி சொன்னது இதுதான்: "நீ வருவேன்னு தெரியும் கங்காணி. இம்புட்டு மெதுவா வருவேன்னு தெரியாது."

இப்படிப்பட்ட ரேணுகாவுக்குத்தான் போன தைப்பொங்கலுக்கு ஒரு சோதனை வந்தது.

குடும்பத்தோடு சென்னை பார்க்கப் போவது என்று முடிவானது. யோசனை அவள் கொழுந்தன் மனோகரனுடையது. மனோகரன் கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம் சென்னையில் ஓட்டல் வேலை பார்த்தவன். அந்த இரண்டு வருஷத்தை வைத்து இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனும் அவன் மனைவி சுஜாதாவும், ரேணுகாவும் ரவிக்குமாரும், அவர்கள் மகள் இந்துமதியும், அய்யாவுவின் தங்கை ஆண்டாயியும் என்று ஆறு பேருக்குக் கணக்குப் போட்டிருந்தான். அய்யாவுவைச் சேர்க்கவில்லை.

அய்யாவுவுக்கு வயது எழுபத்திரண்டு. முப்பத்தோரு வருஷம் ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற ரோலர் பக்கத்திலேயே நின்று காது இரண்டும் போயிற்று. பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டார். வீட்டில் அவரோடு பேச்செல்லாம் கை ஜாடைதான். ஃபேக்டரியில் மிஷின் சத்தத்துக்கு நடுவே வேலைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் ஜாடை அது. ரேணுகாவுக்கு அது தலைகீழ்ப் பாடம்.

பைப்படியில் பத்துக் குடம் வரிசையில் இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"அண்ணி, அப்பாவ விட்டுட்டுப் போவோம்," என்றான் மனோகரன். "காரு ஹாரன் அடிச்சாக்கூட அவருக்குக் கேக்காது. போனும் இல்ல. சென்னையில ஒரு ஆளு தொலைஞ்சா, கண்டுபுடிக்க ஏழு சென்மம் வேணும். உங்களுக்குத் தெரியாது, நான் இருந்தவன்."

குடத்தோடு நின்ற அய்யாவு, மகன் வாய் அசைவதைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துவிட்டார். காது கேளாதவர் குரல் எப்போதும் ஊருக்கே கேட்கும்.

"நான் ஒரு தடவதான்டா கடலப் பாத்திருக்கேன். இருவது வயசு. தலையில மூட்ட, இடுப்புல இந்த ஆண்டாயி. குனிஞ்சபடி கப்பல்ல ஏறினேன், குனிஞ்சபடி ராமேசுவரத்துல எறங்கினேன். அத ஒரு தடவ நிமிந்து நின்னு பாக்கணும்."

"என்ன இடுப்புல தூக்கினத அம்பது வருசமாச் சொல்லிக் காட்டுது," என்றாள் ஆண்டாயி. "எறக்கி விட்டிருந்தா நானே நடந்து வந்திருப்பேன்."

ரேணுகா குடத்தைக் கீழே வைத்தாள்.

"மாமா வந்தா நானும் வாரேன். இல்லேன்னா என் டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரு தம்பி."

"தொலைஞ்சா?"

"அவருக்கு நான் பொறுப்பு."

"அது சரி, தொலைஞ்சா என்னா பண்ணுவீங்க?"

வரிசையில் நின்ற பத்துப் பேரும் பார்த்தார்கள். பொம்பளைக்குக் கங்காணி வேலையா என்று எட்டு வருஷமாக முணுமுணுக்கிறவர்களும் அதில் இரண்டு பேர்.

"மாமா தொலைஞ்சா, கங்காணி வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, மறுபடி கூடையக் கட்டிக்கிட்டு நெரையில எறங்குறேன்," என்றாள் ரேணுகா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே அதன் கனம் தெரிந்தது. ஆனால் பைப்படியில் சொன்ன சொல் கொட்டின தண்ணீர் மாதிரி. அன்று பொழுது சாய்வதற்குள் ஐந்து லயத்துக்கும் தெரிந்துபோயிற்று.

புறப்படுகிற அன்று இந்துமதி ஒரு அட்டையில் பெயரும் போன் நம்பரும் எழுதித் தாத்தாவின் சட்டைப் பையில் வைத்தாள். அய்யாவு எடுத்துப் பார்த்தார். "நான் என்ன பார்சலா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மானஸ்தர். ரேணுகாவும் வற்புறுத்தவில்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன மலையாளி டிரைவர் ரிஜோவும் தன் பங்குக்குச் சொன்னான்: "சேச்சி, அங்க ஆனை இல்லா. ஆளு மாத்ரம். அதாணு கஷ்டம்."

கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம் என்று மலையிறங்கி, ரயிலேறி, விடிந்ததும் சென்ட்ரலில் இறங்கினார்கள். எதிரே ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்துக் குளித்து, இட்டிலி தின்று புறப்பட்டார்கள். நடைபாதையில் கால் வைத்ததுதான் தெரியும், யாரும் சொல்லாமலே ஏழு பேரும் ஒருவர் பின் ஒருவராக ஆகிவிட்டார்கள். கடைசியில் ரேணுகா. டீக்கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னாபா, இஸ்கூல் டூரா?" என்று கேட்டார்.

மனோகரனுக்கு மானம் போயிற்று. "எறும்பு மாதிரி வரிசையாப் போகாதீங்க! ஊரே பாக்குது. சும்மா கும்பலா வாங்க."

"கும்பலாப் போனா எண்ண முடியாது தம்பி," என்றாள் ரேணுகா.

"வெக்கமா இருக்குக்கா," என்றாள் சுஜாதாவும். ஆனால் அவளும் வரிசையை விடவில்லை. காலுக்குப் பழக்கம் மாறவில்லை.

பார்க் டவுனில் பறக்கும் ரயில் ஏறினார்கள். திருவல்லிக்கேணியில் இறங்கினால் கடற்கரைக்கு நடந்து போய்விடலாம் என்று மனோகரன் சொன்னான். காணும் பொங்கலுக்கு அடுத்த நாள். பொங்கலுக்கு வந்த சனம் ஊர் திரும்பாமல் ரயிலில்தான் இருந்தது. ஒரு புண்ணியவான் எழுந்து அய்யாவுவுக்கு இடம் கொடுத்தார். ரேணுகா அவர் தோளைத் தொட்டபடியே நின்றாள்.

திருவல்லிக்கேணி வந்தது. மனோகரன் இறங்கினான், சுஜாதா, இந்துமதி, ரவிக்குமார் இறங்கினார்கள். ரேணுகா ஜாடை காட்ட அய்யாவுவும் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார். அவருக்கு முன்னால் இறங்கின ஆண்டாயியின் சேலையை யாரோ மிதிக்க, அவள் பிளாட்பாரத்தில் முழங்கால் குத்தி விழுந்தாள். "ஐயோ" என்று ஒரு சத்தம். ரேணுகா மாமாவைத் தாண்டிக் குதித்துப் போய் அவளைத் தூக்கினாள்.

அந்த ஒரு கணம்தான். ஏற வேண்டிய சனம் திமுதிமுவென்று ஏறியது. அய்யாவுவை உள்ளே தள்ளியது. அவள் நிமிர்ந்து பார்க்கும்போது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு நடுவே ஒரு வெள்ளைத் தலை தெரிந்தது. அதுவும் போயிற்று.

ரேணுகா எண்ணினாள். ஆறு. மறுபடி எண்ணினாள். ஆறுதான்.

எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கடைசியில் இறங்கவில்லை.

"போச்சு!" என்று தலையில் கை வைத்தான் மனோகரன். "நான் அப்பவே சொன்னேன். கேட்டீங்களா? இப்ப அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிருவாரு. எறங்கி ரோட்டுக்குப் போயிருவாரு. அண்ணே, நீ ஆட்டோ புடி. சுஜாதா, நீ கீழ போயி நில்லு. நான் அடுத்த வண்டியில வேளச்சேரி போறேன்."

ஆண்டாயி அழ ஆரம்பித்தாள். ரவிக்குமார் பேசாத ஆள். மனைவி முகத்தைப் பார்த்தான். ரேணுகா மனோகரன் முன்னால் கையை நீட்டி மறித்தாள்.

"யாரும் நகரக் கூடாது. ஒருத்தர விட்டாச்சு. இன்னும் மூணு பேர விடச் சொல்றியா? மாமா எறங்க மாட்டாரு."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவரு நம்மள விட்ட எடம் எது?"

"இந்த ஸ்டேஷன்."

"நமக்கு இந்த ஸ்டேஷன். அவருக்கு அந்த ரயிலு. அதுலதான கடைசியா நம்மளோட இருந்தாரு? தோட்டத்து ஆளு தப்பினா நின்ன எடத்த விட்டு நகர மாட்டான். மாமா அந்த ரயில விட்டு எறங்க மாட்டாரு."

"அண்ணி, இது தேயில மலை இல்ல! மெட்ராசு!"

"ஊருதான் வேற. ஆளு அதே ஆளு."

மனோகரன் கேட்கவில்லை. அடுத்து வந்த ரயிலில் ஏறிப் போய்விட்டான். ரேணுகா அவனை வழியனுப்புகிற மாதிரி பார்த்துவிட்டு, ஐந்து என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்.

பிளாட்பாரத்தில் ஒரு போலீஸ்காரம்மா இருந்தார். நல்ல மனுஷி. விவரம் கேட்டு, எல்லா ஸ்டேஷனுக்கும் போன் போட்டார். வெள்ளைச் சட்டை, பச்சைத் துண்டு, காது கேக்காது என்று சொன்னார். இருபது நிமிஷம் கழித்து வந்து, "எந்த ஸ்டேஷன்லயும் அப்படி ஒருத்தர் எறங்கலையாம்மா," என்றார் வருத்தமாக.

ஆண்டாயி மறுபடி அழுதாள். ரேணுகாவுக்கு அப்போதுதான் மூச்சு சீராக வந்தது.

"அதுதான் நல்ல சேதி மேடம். போன ரயிலு திரும்பி வருமா?"

"வேளச்சேரி வரைக்கும் போய்த் திரும்பும். ஆனா அந்தப் பக்கத்துப் பிளாட்பாரத்துல வந்து நிக்கும்."

மற்ற நாலு பேரையும் படியிறக்கி, எதிர்ப் பக்கம் ஏற்றிக் கொண்டுபோனாள். அங்கே அவர்களை நிரை பிரித்தாள். ரயில் அரை நிமிஷம்தான் நிற்கும், பெட்டியோ ஒன்பது. "இந்து, நீ அந்தத் தூணு. முத ரெண்டு பெட்டி உனக்கு. சுஜாதா, அடுத்த ரெண்டு. என்னாங்க, நடுவுல ஒண்ணு உங்களுக்கு. சின்னம்மா, அழுகைய நிப்பாட்டிட்டுக் கண்ணத் தொடச்சிக்க. உனக்கும் ரெண்டு பெட்டி. கடைசி ரெண்டு எனக்கு. அவங்கவங்க நெரைய அவங்கவங்க பாக்கணும். அடுத்தவ நெரையில கண்ணு போகக் கூடாது."

முதல் ரயில் வந்தது. சனம் இறங்கியது, ஏறியது, போயிற்று. அய்யாவு இல்லை.

மனோகரன் போன் செய்தான். "வேளச்சேரியில இல்ல அண்ணி. ஸ்டேஷனுக்கு வெளியகூடத் தேடிட்டேன்."

"வெளிய எதுக்குத் தேடுற? திரும்பி வா."

இரண்டாவது ரயில் வந்தது. அதிலும் இல்லை. சுஜாதா தன் தூணிலிருந்தே கத்தினாள்: "அக்கா, ஒருவேளை வழியில எறங்கி..."

"உன் நெரையப் பாரு."

அதட்டினாளே தவிர, உள்ளே அவளுக்கும் கலங்கிப்போயிருந்தது. வேலை போனால் போகிறது, கூடை கட்டிப் பழகின முதுகுதான். ஆனால் லயத்துக்குத் திரும்பி, மாமா இல்லாமல் அந்தக் காம்பிராக் கதவைத் திறக்க முடியுமா? பொன்னாயி அத்தை சாகும்போது இவள் கையைத்தான் பிடித்திருந்தாள். மகன்கள் இரண்டு பேரும் நின்றார்கள், அவள் பிடித்தது இவள் கையை. கங்காணி கடைசியில்தான் இறங்க வேண்டும். முப்பத்திரண்டு பேருக்குச் சொல்கிற புத்தி, ஒரு 'ஐயோ' கேட்டதும் எங்கே போயிற்று?

மூன்றாவது ரயில் வந்தது. நிற்பதற்கு முன்னாலேயே அவள் கண்ணில் பட்டுவிட்டது. கடைசிக்கு முந்தின பெட்டி வாசலில், அத்தனை தலைக்கும் மேலே ஒரு பச்சைத் துண்டு தூக்கிப் பிடித்திருந்தது. ஒரு கை கம்பியில், ஒரு கை துண்டில். கீழே அய்யாவு. போர்க்களத்தில் கொடி பிடித்தவர் மாதிரி நின்றார்.

"மாமா!" என்று கத்தினாள். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் கத்தினாள்.

அவர் பார்த்தார். இறங்கினார். இறங்கினதும் ஸ்டேஷன் அதிரக் கேட்டார்:

"எங்கடி போனீங்க எல்லாரும்? மெட்ராசுக்கு வந்து மொத நாளே தொலைஞ்சிட்டீங்களே!"

ஆண்டாயி ஓடிவந்து அண்ணன் முதுகில் ஒரு அடி வைத்தாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்து அழுதாள்.

அவர் பின்னாலேயே ஒரு கல்லூரிப் பெண்ணும் இறங்கினாள். கழுத்தில் அடையாள அட்டை, கெஸியா என்று பெயர். "நீங்கதான் கங்காணியா ஆன்ட்டி?" என்று நேராக ரேணுகாவிடம் வந்து கேட்டாள்.

"ஆமாம்மா. ஏன்?"

"வேளச்சேரியில எல்லாரும் எறங்கிட்டோம். இவர் மட்டும் எறங்கல. ரெண்டு பேர் கையப் புடிச்சுக்கூட எறக்கிப் பாத்தாங்க. கம்பிய விடவே இல்ல. உக்காருங்கன்னு ஜாடை காட்டினேன், அதுவும் மாட்டேன்னுட்டார். உக்காந்தா துண்டு தெரியாதாம். 'எம் மருமக கங்காணி. அவ வருவா. நான் நகந்துட்டா அவ எங்க தேடுவா?' இத மட்டும்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். தனியா விட மனசு வரல. அதான் நானும் திரும்ப ஏறிட்டேன்."

ரேணுகா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமனார் பக்கம் திரும்பி ஜாடையில் கேட்டாள்: பயந்தீங்களா?

"எதுக்குப் பயம்?" என்றார் அவர். "நீ கொஞ்சம் மெதுவா வந்த. அவ்வளவுதான்."

அரை மணி கழித்து மனோகரன் வந்து சேர்ந்தான். சட்டை முழுக்க வேர்வை. அப்பாவைப் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். ரேணுகாவே ஆரம்பித்தாள்.

"தப்பு என்னோடதுதான் தம்பி. நான் கடைசியா எறங்கியிருக்கணும். சொன்ன சொல்லு சொன்னதுதான். ஊருக்குப் போனதும் எழுதிக் குடுத்துர்றேன்."

மனோகரன் நிமிர்ந்தான். "என்னாத்த எழுதிக் குடுப்பீங்க?"

"மாமா தொலைஞ்சா வேலைய விடுறேன்னு பைப்படியில சொன்னேன்ல?"

என்ன பேசுகிறார்கள் என்று அய்யாவு கேட்டார். இந்துமதி ஜாடையில் சொன்னாள். கிழவருக்கு வந்ததே கோபம். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"யாரு தொலைஞ்சது? ஏறின பெட்டியிலேயே நின்னேன், நின்ன எடத்துலேயே இருந்தேன். தான் இருக்கிற எடம் தெரியாதவன்தான் தொலைஞ்சவன். எனக்கு எடம் தெரியும். அவளுக்கும் தெரியும். உனக்குத்தான்டா மனோகரா தெரியல. நீதான் வேளச்சேரி வரைக்கும் போயித் தொலைஞ்சிட்டு வந்திருக்க!"

போலீஸ்காரம்மா சிரித்துவிட்டார். மனோகரனுக்கும் சிரிப்பு வந்தது. எழுந்து வந்து அண்ணி முன்னால் நின்றான்.

"பைப்படியில கேட்டவன் நான்தான. அங்கேயே நின்னு நானே பதிலும் சொல்லிர்றேன். எழுதிக் குடுக்கிற பேச்செல்லாம் வேணாம் அண்ணி. முப்பத்திரண்டு பேரு உங்கள நம்பி மலை ஏறுறாங்க. எதுக்குன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்." கொஞ்சம் தயங்கிச் சொன்னான்: "இப்ப நீங்க முன்னால போங்க. கடைசியில நான் வாரேன்."

"உனக்கு எண்ண வருமா?"

"ஏழுதான அண்ணி!"

"போங்கக்கா," என்றாள் சுஜாதா. "இவரு தொலைஞ்சா நான் தேட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

கெஸியாவை மலைக்கு வரச் சொல்லி, போன் நம்பர் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பிறகு படியிறங்கி, சாலை வழியே ஒருவர் பின் ஒருவராகக் கடற்கரைக்கு நடந்தார்கள். இந்தத் தடவை மனோகரன் கும்பலாக வாருங்கள் என்று சொல்லவில்லை. பெரிய சாலையைத் தாண்டி மணலில் இறங்கினதும் அய்யாவு செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தார். கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, அவசரப்படாமல், மாப்பிள்ளை நடை நடந்தார்.

ரேணுகா எல்லாருக்கும் முன்னால் போனாள். எட்டு வருஷமாக அவள் கண்ணுக்கு முன்னால் எப்போதும் முதுகுகள்தான். மழைக்குப் பிளாஸ்டிக் காகிதம் போட்ட முதுகு, கூடை கட்டின முதுகு. முதுகைப் பார்த்தே யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் முன்னால் ஒரு முதுகும் இல்லை. தண்ணீர்தான் இருந்தது, வானம் தொடுகிற வரைக்கும்.

கால் நனைகிற இடத்தில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் மனோகரன் மூன்றாம் தடவையாக எண்ணிக்கொண்டிருந்தான்.